குழந்தைக்கு வேலி வேண்டும். மக்களுக்கு விலங்கு வேண்டாம்!

(சினிமா, டெலிவிஷன் படங்களை வயது வாரியாக வகைப்படுத்துவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோர்களும் வாலிபர்களும் கூடிய விவாதக் கூட்டத்தில் நமது சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



இன்று இங்கே காரசாரமான விவாதம் நடந்திருக்கிறது. நமக்கு முன்னால் பேசிய நண்பர்கள் இரண்டு அபிப்பிராயங்களை முன்வைத்தார்கள். ‘வெட்டும் குத்தும் ஆபாசமும் தலைவிரித்தாடுகின்றன, குழந்தைகள் பாழாகிறார்கள், சென்ஸார் கத்தரிக்கோலை இன்னும் பலமாகப் போடவேண்டும்’ என்றார்கள் சிலர். ‘எங்கள் பிள்ளை எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்ல சர்க்கார் யார்? வகையும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம்’ என்றார்கள் வேறு சிலர். முதல் சாராரின் கவலை நியாயமானது. இரண்டாம் சாராரின் சந்தேகமும் நியாயமானது. ஆனால் இரு சாராருடைய முடிவையும் நாம் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை, அதற்கு மாற்றாக எதைக் கோருகிறோம் என்பதைச் சொல்லவே இங்கு வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வயது வகைப்பாடு வேறு, தணிக்கை வேறு. ‘இந்தப் படம் 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது’ என்று சொல்வது வகைப்பாடு. ‘இந்தக் காட்சியை எவருமே பார்க்கக்கூடாது, வெட்டி எறி’ என்பது தணிக்கை. முன்னது குழந்தையைக் குழந்தையாக நடத்துகிறது. பின்னது வளர்ந்த மனிதனையும் குழந்தையாக நடத்துகிறது. நமது நாட்டில் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஸ்தாபனம், ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்கிறது. குழந்தையின் பெயரைச் சொல்லி எடுத்த கத்தரிக்கோல், உண்மையைச் சொல்லும் கலைஞனின் நாக்கை நறுக்கப் பயன்படுவது இதனால்தான்.

கத்தரிக்கோல் எங்கிருந்து வந்தது?

இந்தக் கத்தரிக்கோலை வார்த்தவன் வெள்ளைக்காரன். 1918-ல் சினிமாச் சட்டம் வந்தது. 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை போர்டுகள் ஏற்பட்டன. யாருடைய பிடியில்? ஆசிரியர்கள் பிடியிலா? குழந்தை வைத்தியர்கள் பிடியிலா? இல்லை, போலீஸ் கமிஷனர்கள் பிடியில்! ஏகாதிபத்தியம் அஞ்சியது குழந்தையின் மனம் கெட்டுவிடும் என்று அல்ல. அடிமைப்பட்ட ஜனங்கள் விழித்துக்கொள்வார்கள் என்றுதான். கல்கியின் கதையை கே. சுப்ரமண்யம் படமாக்கிய ‘தியாகபூமி’ 1939-ல் வெளிவந்தது. அதில் தேசிய இயக்கத்தின் குரல் ஒலித்தது. பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தடை செய்தது. அந்தப் படத்தால் எந்தக் குழந்தை கெட்டது?

சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் சட்டத்தைத் திருத்தி, எல்லோருக்கும் உரியது ‘யு’, வயது வந்தோருக்கு மட்டும் ‘ஏ’ என்று இரண்டு வகைகளைக் கொண்டுவந்தார்கள். 1951-ல் மத்திய தணிக்கை போர்டு அமைந்தது. 1952-ல் இப்போதும் அமலிலிருக்கும் சினிமாட்டோகிராப் சட்டம் நிறைவேறியது. 1983-ல் பெற்றோர் துணையோடு பார்க்கத்தக்க ‘யு/ஏ’ வகையும், குறிப்பிட்ட தொழிலாருக்கு மட்டுமான ‘எஸ்’ வகையும் சேர்ந்தன. அந்த ஆண்டே போர்டின் பெயரிலிருந்து ‘தணிக்கை’ என்ற சொல் நீங்கி ‘சான்றளிப்பு’ என்ற சொல் வந்தது. பெயர்ப்பலகை மாறியது, கத்தரிக்கோல் மாறவில்லை.

இதற்கு ஒரு சாட்சியம் சொல்கிறோம். மக்கள் கலை இயக்கத்தைச் சேர்ந்த கே.ஏ. அப்பாஸ் ‘நான்கு நகரங்களின் கதை’ என்று ஒரு சிறிய செய்திப்படம் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், டில்லி, சென்னை ஆகிய நகரங்களில் பணக்காரன் வாழும் சொகுசையும் ஏழை படும் பாட்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். போர்டு என்ன செய்தது? ‘யு’ தர மறுத்து ‘ஏ’ முத்திரை குத்தியது. விபசார விடுதித் தெருவைக் காட்டும் சில காட்சிகளை வெட்டினால் ‘யு’ தரலாம் என்று பிறகு பேரம் பேசினார்கள். அப்பாஸ் உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே சர்க்கார் இறங்கிவந்து, வெட்டில்லாமல் ‘யு’ தருவதாக ஒப்புக்கொண்டது. வெட்டியே தீரவேண்டும் என்று நேற்று சொன்ன காட்சி, கோர்ட்டு வாசலில் எப்படி நல்ல காட்சி ஆயிற்று? ஆயினும் 1970-ல் வந்த தீர்ப்பு, முன்கூட்டிய தணிக்கை செல்லும் என்றே கூறியது. வயது வகைப்பாடு நியாயமானது என்றும் அதே தீர்ப்பு கூறியது. பின்னதை நாம் ஏற்கிறோம். முன்னதை எதிர்த்து இன்றும் வாதாடுகிறோம்.

முத்திரையை வைத்து மூடுவது

‘ஏ’ முத்திரை குழந்தையை விலக்குவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. சில சமயங்களில் ஒரு படத்தை ஜனங்களின் கண்ணிலிருந்தே மறைக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனந்த் பட்வர்தன், வகுப்புவெறியையும் ஆண் ஆதிக்கத்தையும் தோலுரித்து, ‘தந்தை, மகன், புனிதப் போர்’ என்ற பொருள்பட்ட தலைப்பில் இரண்டு பாகங்கள் கொண்ட செய்திப்படம் எடுத்தார். ஒரு பாகத்துக்கு ‘யு’, மற்றதற்கு ‘ஏ’. தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்தது. ‘ஏ’ முத்திரையும் மறுப்புக்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 2006-ல் உச்சநீதிமன்றம், ஒளிபரப்பித்தான் ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. குழந்தைகள் தூங்கிய பிறகு, இரவு நேரத்தில் காட்ட எந்தத் தடையும் இருக்கவில்லை. தடையாக இருந்தது முத்திரையல்ல, மனமில்லாமை.

இந்தத் தந்திரம் நமது நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. ஐஸன்ஸ்டைனின் ‘போட்டெம்கின் போர்க்கப்பல்’ 1925-ல் வந்த சோவியத் படம். புழுத்த இறைச்சியைத் தின்ன மறுத்த மாலுமிகளின் எழுச்சியைச் சொல்வது. பிரிட்டிஷ் தணிக்கை போர்டு 1926-ல் அதற்கு அனுமதி மறுத்தது. 1954-ல்தான் அனுமதித்தது, அப்போதும் பெரியவர்களுக்கு மட்டுமான ‘எக்ஸ்’ முத்திரையோடு! அதே பிரிட்டனில் இன்று அதைப் பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்களும் பார்க்கலாம். படம் சொல்லும் கதை மாறவில்லை. ஆளும் வர்க்கத்தின் அச்சம்தான் மாறியிருக்கிறது. ஆகவே, ‘இது குழந்தைக்கு ஆகாது’ என்று எவராவது சொன்னால், ‘குழந்தைக்கு ஆகாதா, உமக்கு ஆகாதா?’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

லாபம் எந்தப் பக்கம்?

இனிப் பட முதலாளிகளின் பக்கத்தைப் பார்ப்போம். வயது முத்திரை என்பது அவர்களுக்குக் குழந்தைப் பிரச்னை அல்ல, கணக்குப் பிரச்னை.

தமிழ்நாட்டில் 2006-ல், தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளிக்கப்பட்டது. 2011-ல் அந்தச் சலுகைக்கு ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. விளைவு என்ன? குழந்தைகளுக்கு ஏற்ற படங்கள் பெருகவில்லை. ஒரே கொலைப் படத்தில் நாலு நொடி ரத்தத்தைக் குறைத்து, இரண்டு வசனத்தை மௌனமாக்கி, ‘யு’ வாங்கும் வித்தைதான் பெருகியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து அந்தப் பழைய வரி முறை போய்விட்டது. ஆனால் பாடம் போகவில்லை. வயது முத்திரையோடு பணத்தைக் கட்டினால், முத்திரை விலைச்சீட்டாகிவிடும்.

டெலிவிஷன் விஷயமும் அப்படித்தான். கேபிள் டெலிவிஷன் விதிகளின்படி ‘ஏ’ படத்தை அப்படியே சானலில் காட்டமுடியாது. எனவே ‘ஏ’ என்றால் சாட்டிலைட் உரிமையின் விலை சரிகிறது. கொட்டகையில் குடும்பத்தோடு வரும் கூட்டமும் குறைகிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த ‘கூலி’ படத்துக்குப் போர்டு ‘ஏ’ கொடுத்தது. அதை ‘யு/ஏ’ என்று மாற்றித்தரவேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. அம்மாதமே அந்த மனு தள்ளுபடி ஆயிற்று. கருத்துரிமைக்கு ஆபத்து வந்தது என்பதற்காகவா அந்த வழக்கு? வசூலுக்கு ஆபத்து வந்தது என்பதற்காக. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. கலைஞனின் பேச்சுரிமைக்காக நாம் தெருவில் இறங்குவோம். ஏழு வயதுக் குழந்தையிடம் டிக்கெட் விற்கும் உரிமைக்காக நாம் ஒரு துரும்பையும் கிள்ளிப்போட மாட்டோம்.

இந்த நியாயம் நமக்கும் பொருந்தும். வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் 2023-ல் வந்தது. போலீஸ் முகாமில் ஏழைப் பெண்கள் பட்ட சித்திரவதையைக் காட்டும் அந்தப் படத்துக்கு ‘ஏ’ கிடைத்தது. மனதை உலுக்கும் அந்தக் காட்சிகள் பத்து வயதுப் பிள்ளைக்கு உரியவை அல்ல. நமது கருத்துக்கு நெருங்கிய படம் என்பதற்காகச் சலுகை கேட்கமாட்டோம். ஆனால் உழைக்கத் தொடங்கிவிட்ட 16 வயது வாலிபன், பாலிடெக்னிக்கில் படிக்கும் 17 வயதுப் பெண், இவர்கள் அதைப் பார்க்கக்கூடாதா? அதிகாரத்தின் கொடுமையை நேரில் காணும் வயதில், அதைத் திரையில் காணத் தகுதியில்லையா? இங்கேதான் நுட்பமான வயதுப் பிரிவுகளின் அவசியம் வருகிறது.

புதிய சட்டமும் பழைய பாரமும்

நீதிபதி முத்கல் தலைமையிலான கமிட்டி 2013-ல் கூடுதல் வயதுப் பிரிவுகள் வேண்டும் என்றது. ஷியாம் பெனகல் தலைமையிலான கமிட்டி 2016-ல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. போர்டின் வேலை வகைப்படுத்துவதுதான், வெட்டுவது அல்ல என்பதே அதன் அடிப்படைக் கருத்து. 2023-ல் சட்டம் திருத்தப்பட்டது. ‘யு/ஏ’ என்பது 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிந்தது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் வெட்டும் அதிகாரத்தை விட்டுவிடு என்ற பகுதியை சர்க்கார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே, 2021-ல், போர்டின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இருந்த டிரிப்யூனலையும் கலைத்துவிட்டார்கள். இன்று வழி ஒன்றுதான்: உயர்நீதிமன்றம். கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு அது ஒரு செலவு. கடன் வாங்கிப் படம் எடுத்த இளைஞனுக்கோ அது மூடிய கதவு.

அந்தப் புதிய வயதுப் பிரிவுகளை அமல் செய்வது யார்? ‘யு/ஏ’ முத்திரைகள் பெற்றோரின் கவனத்துக்கு மட்டுமே. பெற்றோரோ காப்பாளரோ தவிர வேறெவரும் அதை அமல் செய்ய முடியாது என்று சட்டமே சொல்கிறது. ‘ஏ’ படத்தைச் சிறுவர்களுக்குக் காட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. மற்றவற்றுக்கெல்லாம் பெற்றோரே போலீஸ், பெற்றோரே நீதிபதி.

நல்லது, யார் இந்தப் பெற்றோர்? திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு ஓவர்டைம் பார்க்கும் தாய். விடிவதற்கு முன் கட்டட வேலைக்குப் புறப்படும் தகப்பன். வீட்டில் ஒரே அறை. அந்த அறையில் ஒரே டெலிவிஷன். இணையப் படங்களுக்கும் 2021 விதிகளின்படி இதே வயதுப் பிரிவுகள் உண்டு. பெற்றோர் பூட்டும் உண்டு. பூட்டு இருக்கிறது, வீட்டில் தனி அறை இருக்கிறதா? தனிப் போன் இருக்கிறதா? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஓய்வு இருக்கிறதா? எட்டு மணி நேர வேலையும் வாழத்தக்க கூலியும் இல்லாதவரிடம், ‘உன் குழந்தையின் பொறுப்பு உன்னுடையது’ என்று சொல்லிக் கைகழுவுவது உபதேசமல்ல, பரிகாசம். ‘முத்திரையே வேண்டாம், பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நண்பர்களுக்கு நமது பதில் இதுதான். வசதியுள்ள வீட்டில் வேலி தானாகவே இருக்கிறது. உழைப்பாளியின் குழந்தைக்குத்தான் பொது வேலி தேவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சினிமாவுக்கு இவ்வளவு கெடுபிடி. ஆனால் மாலை தொடங்கி இரவு வரை ஓடும் டெலிவிஷன் தொடர்களுக்கு முன்கூட்டிய வயதுச் சான்றிதழ் கிடையாது. மாமியார் மருமகளுக்கு விஷம் வைப்பதையும், பெண்ணைப் பெண் இழிவுபடுத்துவதையும், வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் குழந்தை தினந்தோறும் பார்க்கிறது. முத்தம் ஆபாசம், கன்னத்தில் அறைவது கலாசாரம் என்ற கணக்கு எந்த ஊர் நியாயம்?

எதைக் குறிக்கவேண்டும்?

ஸ்வீடன் நாடு 1911-லேயே சர்க்கார் தணிக்கையைத் தொடங்கிய நாடு. சரியாக நூறாண்டு கழித்து, 2011-ல், பெரியவர்களுக்கான தணிக்கையை அது அடியோடு ஒழித்துவிட்டது. குழந்தைகளுக்கு 7, 11, 15 என்ற வயது வரம்புகளை மட்டும் வைத்துக்கொண்டது. வானம் இடிந்து விழவில்லை. ஹாலந்தில் 2001 முதல் நடக்கும் முறையில், வயதோடு காரணத்தையும் சிறு சித்திரங்களால் குறிக்கிறார்கள். வன்முறை, பயங்கரம், பாலியல், கெட்ட பேச்சு, போதை ஆகியவற்றோடு, மனிதரை இழிவுபடுத்தும் பாகுபாடும் அதில் ஒரு குறி.

இந்தக் கடைசிக் குறியை நாம் மிக முக்கியமாகக் கருதுகிறோம். தமிழ்ப் படத்தில் சாதிப் பெருமை பேசி அரிவாள் தூக்கும் காட்சிக்கு எந்தக் குறியும் இல்லை. விரும்பாத பெண்ணை விடாமல் துரத்துவதைக் காதல் என்று காட்டும் பாட்டுக்கு எந்தக் குறியும் இல்லை. அதேசமயம், சாதிக்கொடுமையை எதிர்த்துப் போராடிய ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே வாழ்க்கையைச் சொல்லும் ‘புலே’ படத்தில், 2025-ல், சாதிகளின் பெயரைக் குறிக்கும் சொற்களை மாற்றும்படி போர்டு கேட்டது! சாதியைக் கொண்டாடுவது தப்பில்லை, சாதிக்கொடுமையைப் பெயர் சொல்லிக் கண்டிப்பது தப்பு என்றால், இது யாரைக் காக்கும் வேலி?

ஒரு நண்பர் கேட்டார்: ‘நீங்கள் சொல்வதுபோல ஆசிரியரையும் வைத்தியரையும் போர்டில் போட்டாலும், அவர்களும் கட்டுப்பெட்டிகளாக இருந்தால் என்ன செய்வது?’ நியாயமான கேள்வி. நல்ல மனிதர்களை நம்பி மட்டும் ஒரு ஸ்தாபனத்தைக் கட்டமுடியாது. அதனால்தான் முதலில் கத்தரிக்கோலைப் பிடுங்கவேண்டும் என்கிறோம். வெட்ட அதிகாரமில்லாத போர்டு தவறு செய்தால், ஒரு படம் 13-க்குப் பதில் 16 ஆகும், அவ்வளவுதான். படம் சாகாது. அந்தத் தவற்றையும் எழுத்தில் காரணம் கேட்டு, மேல்முறையீட்டில் திருத்தலாம்.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் கோருவது இது:

முதலாவது, போர்டுக்கு வயது வாரியாக வகைப்படுத்தும் அதிகாரம் மட்டுமே இருக்கவேண்டும். வெட்டும் அதிகாரம் ஒழியவேண்டும். சட்டவிரோதமான காட்சி என்றால் அதற்கு நாட்டின் பொதுச் சட்டமும் நீதிமன்றமும் இருக்கின்றன.

இரண்டாவது, போர்டின் தலைவரையும் அங்கத்தினர்களையும் மத்திய சர்க்கார் தன்னிஷ்டப்படி நியமிக்கும் முறை மாறவேண்டும். ஆசிரியர்கள், குழந்தை வைத்தியர்கள், மாதர் அமைப்புகள், திரைப்படத் தொழிலாளர் சங்கங்கள், எழுத்தாளர்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் அதில் இடம்பெறவேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு முத்திரைக்கும் காரணத்தை எளிய தமிழிலும் அந்தந்த மாநில மொழியிலும் வெளியிடவேண்டும். போஸ்டரிலும் டிக்கெட்டிலும் டெலிவிஷன் திரையிலும் வயதும் குறியும் பெரிதாகத் தெரியவேண்டும். சாதி, மத, பெண் இழிவுக்குத் தனிக் குறி வேண்டும்.

நான்காவது, வயது முத்திரையோடு வரிச் சலுகையை இனி எந்தக் காலத்திலும் முடிச்சுப்போடக்கூடாது.

ஐந்தாவது, செலவில்லாமல் விரைவாக நடக்கும் மேல்முறையீட்டு மன்றம் மீண்டும் ஏற்படவேண்டும்.

ஆறாவது, கொட்டகையில் வயது விதி மீறப்பட்டால் முதலாளியே பொறுப்பு. வாசலில் டிக்கெட் கிழிக்கும் தொழிலாளியின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

ஏழாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. ‘இதைப் பார்க்காதே’ என்று மட்டும் குழந்தையிடம் சொன்னால் போதாது. ‘இதைப் பார்’ என்று கொடுக்க ஏதாவது வேண்டும். சோவியத் நாட்டில் 16 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதியில்லை என்ற விதி இருந்தது. கூடவே, 1936 முதல் குழந்தைகளுக்காகவே படமெடுக்கும் ஸ்டூடியோவும் இருந்தது. நமது நாட்டிலும் 1955-ல் குழந்தைகள் திரைப்பட சங்கம் தொடங்கப்பட்டது. அதை 2022-ல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கார்ப்பரேஷனோடு கரைத்துவிட்டார்கள். குழந்தையின் பெயரால் கத்தரிக்கோல் பிடிக்கும் கை, குழந்தைக்காகப் படமெடுக்கும் கையை முடக்கியது! அந்த ஸ்தாபனம் தனியாக மீண்டும் எழவேண்டும். மாநில சர்க்காரும் தன் பங்குக்குத் தமிழில் குழந்தைப் படங்களுக்குப் பணம் ஒதுக்கவேண்டும்.

தோழர்களே! இவையெல்லாம் டில்லியிலிருந்து தானாக வந்து சேரும் என்று காத்திருக்கமாட்டோம். நமது படிப்பகங்களில், சங்க அலுவலகங்களில், பள்ளி மைதானங்களில் மாதம் ஒரு மாலை குழந்தைகளுக்கு நல்ல படம் காட்டுவோம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அவர்களைப் பேசவிடுவோம். கதாநாயகன் அடித்தது சரியா, அந்தப் பெண் ஏன் பேசவேயில்லை, வில்லன் மட்டும் ஏன் எப்போதும் கறுப்பு என்று கேட்கக் கற்ற பிள்ளையை எந்தப் படமும் எளிதில் ஏமாற்றமுடியாது. பெற்றோர் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை விவாதியுங்கள். தீர்மானங்களாக நிறைவேற்றுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுசெல்லுங்கள்.

குழந்தையின் கண்ணுக்குக் காவல் வேண்டும். அந்தக் காவல், மக்களின் கண்ணைக் கட்டும் துணியாகிவிடக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் போராடி வெல்வோம்!